நல்லா வந்த படம்

கண்ணின் உள்ளே படமெடுக்கக் கையில் ஊசியால் ஏற்றுகிற மஞ்சள் சாயம் இன்று ஆஸ்பத்திரியில் என் வெள்ளைக் கோட்டில் சிந்திவிட்டது. வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து மூன்று தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. குளியலறையிலேயே குந்திக்கொண்டு உன்னை நினைத்து அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நீ, அன்று என் கமராவுக்கு முன்னால், தாங்கியில் நாடியை வைத்துக்கொண்டு இருந்தாய். சாயம் ஏறியதும் உன் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஒளிர்ந்தன. அவற்றின் அடியிலிருந்த கட்டிக்குள்ளும் வேறு குழாய்கள் தனியாக ஒளிர்ந்தன. அப்படியொரு கட்டியை இத்தனை வருட வேலையில் அதற்கு முன் ஒரு தரம்தான் கண்டிருந்தேன்; அது புற்றுநோய். நீ அசையவேயில்லை. ஒரு படமும் மங்கவில்லை.

"எப்பிடியடி?" என்றாய்.

"நல்லா வந்திருக்கு."

படத்தைத்தான் சொன்னேன். எங்கள் அறையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். நோயைச் சொல்வது டொக்டரின் வேலை.

சாயத்தால் மஞ்சளாகிப்போன முகத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாய். "செங்கமாரி நோய் தொத்திப்போடும் எண்டு பயந்து பஸ்ஸில எழும்பி இடம் தருவினம், பாரன்!" கொட்டாஞ்சேனையில் இறங்கி, நேரே தேவாலயத்துக்குப் போய் நன்றிக்கு மெழுகுதிரி கொளுத்தினாயாம். அடுத்த கிழமை டொக்டரைப் பார்க்க நாள் குறித்திருந்தும் நீ போகவில்லை. போயிருப்பாய் என்று நான் இருந்துவிட்டேன். கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து உன் வீட்டுக்கு வந்தபோது நீ மறுபடியும் மஞ்சளாக இருந்தாய். கட்டி ஈரலுக்குப் பரவியிருந்தது.

"இந்த முறை சாயம் ஏத்தேல்லையடி" என்றாய்.

"ஏன் டொக்டரிட்டப் போகேல்ல?" என்று கத்தினேன்.

"நீதானே நல்லா வந்திருக்கு எண்டனீ."

குறையாகக்கூடச் சொல்லவில்லை நீ. திட்டியிருக்கலாமே!

நீ முந்தியே வந்திருந்தாலும் சாவில்தான் முடிந்திருக்கலாம் என்கிறார் டொக்டர். அந்த 'லாம்' என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இன்று சாயம் ஏற்றிக்கொண்ட ஐயாவும், "நல்லா வந்திருக்கோ, பிள்ளை?" என்றுதான் கேட்டார்.

"படம் தெளிவா இருக்கு, ஐயா. வருத்தம் என்னெண்டு டொக்டர்தான் சொல்லுவார். கட்டாயம் போங்கோ."

திரும்பத் திரும்பச் சொன்னேன். "ஓமோம், விளங்குது" என்று அலுத்துக்கொண்டார். வாசல்வரை பின்னால் போய் இன்னொரு தரமும் சொன்னேன்.

உனக்கு ஒரு தரம் சொல்லியிருந்தால் போதுமடி.