பெயர் சொன்னால் கை நீட்டும் பிள்ளை பற்றி

முல்லைக்கரை நாட்டில் ஏரி நிறைக, ஏர் நடக்க, பள்ளிப் பிள்ளைகளின் குரல் ஓயாதிருக்க! அரசி இளங்கோதையார் திருவுள்ளப்படி ஓலைநாயகம் எயினன் எழுதுவது: வேயனூர்ப் பள்ளி ஆசிரியரும், அரசியாருக்கே அகரம் கற்பித்தவருமான பெருஞ்சாத்தனார் நலமுடன் கண்டருள்க.

குதிரைக்காவலர் மகள் வெண்ணி, எழுதப் பரப்பிய மணலை நாள்தோறும் காலால் எற்றிப் பிறர் எழுத்தையும் கலைக்கிறாள் என்றும், பிரம்பு தேய்ந்ததேயன்றி அவள் திருந்தவில்லை என்றும், ஆகவே அவளைப் பள்ளியைவிட்டு நீக்க ஆணை வேண்டும் என்றும் தாங்கள் விண்ணப்பித்திருந்தீர்கள். கேட்டதும் அரசியார் சிரித்துவிட்டார். அதே மணலில் அவர் அடித்த கூத்தை அறிந்த அவையோர் வாயைப் பொத்திக்கொண்டனர். பிறகு, நாட்டுப் பள்ளிகளை ஆராய்ந்துவரும் அவைப்புலவர் காரிக்கண்ணியாரை அங்கே அனுப்பினார்.

மாம்பூ பூத்தது முதல் பிஞ்சு பிடிக்கும்வரை அவர் கடைசி வரிசையில் பிள்ளையோடு பிள்ளையாக அமர்ந்திருந்தது தாங்கள் அறிந்ததே. அவர் கண்டுரைத்தது இது: வெண்ணி ஒழுங்காக எழுதும்போதெல்லாம் தங்கள் பார்வை வேறு பக்கம் இருந்தது, மணல் சிதறியவுடன் அவள் பெயர் கூரை அதிர ஒலித்தது. தன் பெயரை ஆசிரியர் வாயால் கேட்க அப்பிள்ளைக்குத் தெரிந்த வழி அது ஒன்றே. நல்லதைக் கண்டு பெயர் சொல்லும் பிற ஊர்ப் பள்ளிகளில் மணலை யாரும் எற்றவில்லை என்பதையும் அவர் கண்டிருக்கிறார்.

ஒருநாள் வெண்ணி, பக்கத்துப் பிள்ளையின் மணலைத் தானாகவே சமன்செய்து கொடுத்தாள். மகிழ்ந்துபோன காரிக்கண்ணியார் அவளை அன்போடு பெயர் சொல்லி அழைத்தார். அவள் எழுந்து வந்து, அடி வாங்கக் கையை நீட்டினாள்.

இதைக் கேட்டு அரசியார் கண் கலங்கினார். ஆயினும் தங்கள்மேல் அவருக்குத் துளியும் சினமில்லை. அத்தனை வாண்டுகளையும் ஒருவராகக் கட்டி மேய்க்கும் பாடு அவருக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்த தமக்குக் கதை சொல்ல, கொட்டும் மழையில் தாங்கள் நனைந்து வந்ததையும் அவர் மறக்கவில்லை.

ஆதலால் ஆணையாவது: வெண்ணி நீக்கப்படலாகாது. அவள் செய்யும் நல்லது எள்ளளவாயினும் பெயர் சொல்லிப் பாராட்டுக. மணலை எற்றினால் கூச்சலின்றி, அவளையே சமன்செய்ய வைத்துப் பாடத்தைத் தொடர்க. அரண்மனை அவரைக்கொடிப் பந்தலுக்குக் கொம்பு போதவில்லையாதலால், தங்கள் பிரம்பை இவ்வோலை கொணர்பவரிடம் கொடுத்தனுப்புக.

அப்பள்ளி இவ்வாண்டு செலுத்த வேண்டிய திறை ஒன்றே. அறுவடை முடிந்து அரசியார் நேரில் வந்து வெண்ணியைப் பெயர் சொல்லி அழைப்பார். அப்போது அவள் கை நீளாதிருக்க வேண்டும்.

இதற்கு நாரை முத்திரை சாட்சி.