பாப்பா முகத்துக்கு ஒரு நூல்

திருப்பூர்

மாமா,

நீங்களும் நம்ம பாப்பாவும் நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். போன்ல பேசுனா பாப்பா காதுல விழும்னுதான் எழுதுறேன். ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில் பொண்ணுக்குக் கொரோனான்னு எங்க எல்லார் மூக்குலயும் குச்சி விட்டாங்க. எனக்குத் தும்மல்தான் வந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க.

பள்ளிக்கூடம் திறக்குறாங்க, அனுப்பவான்னு கேட்டீங்க. அனுப்பிடுங்க. கல்லு லோடு லாரியில அவளையும் ஏத்திக்கிட்டு அரியலூருக்கும் குன்னத்துக்கும் எத்தன நாள் திரிவீங்க? ஆனா அங்க பக்கத்துல உக்கார்ற புள்ள இருமுனா? வேணாம், அனுப்பாதீங்க. அப்ப வீட்டுல தனியாவா விடுறது? எனக்கு ஒண்ணுமே புரியல மாமா.

மிச்சத் துணியில பாப்பாவுக்கு மாஸ்க் தைச்சு அனுப்புனேன்ல, போன்ல பாத்தேன், மூக்கு வெளிய தெரியுது. கம்பெனியில அளவு பிசகாம தைக்கிறவ, நான் கிளம்பி வந்தப்ப இருந்த முகத்துக்குத் தைச்சிருக்கேன்.

பெல் அடிச்சிடுச்சு. ஒண்ணு மட்டும் செய்யுங்க. இந்தக் காதுலேருந்து அந்தக் காது வரைக்கும், மூக்கு மேல நூலை வச்சு அளங்க. எத்தன இஞ்சுன்னு போன்ல சொல்ல வேணாம். அந்த நூலையே கவர்ல போட்டு அனுப்புங்க. கொஞ்ச நேரம் கையில வச்சிருந்துட்டுத் தைக்கிறேன்.

கலையரசி