மூன்றிலிருந்து பதினான்குக்கு

மார்ச் 11, செவ்வாய்
எழுந்ததும் முதல் வேலையாகத் தங்கையின் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். “நானாக்கா பேசப்போறேன்? மேல பார்வையாளர் மாடத்துல உக்காந்து கேக்கத்தானே போறேன்” என்று சிரித்தாள். அவள் கணவர் செத்த தொழிற்சாலைத் தீ விபத்தின் விசாரணை அறிக்கை, மூன்று வருடம் அலமாரியில் கிடந்தது, வியாழக்கிழமை நாடாளுமன்றத்துக்கு வருகிறது. அன்றுதான் இந்த அவையின் கடைசி நாள். பிறகு தேர்தல். அன்று எடுக்காதது அத்தோடு செத்தது.

மார்ச் 12, புதன்
அவையின் நாளைய நிகழ்ச்சி நிரலுக்கு நான்கு மணிக்கு எங்கள் செயலகத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. அறிக்கை மூன்றாவது. தட்டச்சு செய்தது நான்தான். பக்கத்து மேஜைக் ‘கமா’விடம் காட்டினேன். பதினெட்டு வருடப் பழக்கம். ஒரு காற்புள்ளி பிசகினாலும் பிடித்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர்.
“போடி, போய்த் தங்கச்சியோட இரு. அச்சகத்துக்கு நான் அனுப்பிக்கறேன்.”
ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்
பதினான்காவது.
அச்சான தாளைப் பார்த்ததும் மாடி ஏறி ஓடினேன். இனி அவைத்தலைவர் நினைத்தால்தான் உண்டு என்றார்கள்; அவர் ஏற்கெனவே ஆசனத்தில் இருந்தார். பதினொன்றாவது பொருளோடு அவை முடிந்தது. எல்லோரும் எழுந்து போன பிறகும் தங்கை மாடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.
“நம்மளுது இனிமேதானாக்கா?”

மார்ச் 14, வெள்ளி
கோப்பைப் பார்த்தேன். ஒப்புதலுக்குப் பிறகு எதை மாற்றினாலும் திருத்தச் சீட்டில் இருவர் கையெழுத்து வேண்டும். கமாவுடையது இருக்கிறது. என்னுடையதும்.
நான் போட்டதுதான். வெற்றுச் சீட்டில். யாராவது ஒருத்தி சீக்கிரம் கிளம்பினால், ஓர் எழுத்துப் பிழைக்காக வேலை நிற்கக் கூடாதே என்று, ஆளுக்கு ஐந்து சீட்டில் கையெழுத்துப் போட்டு மற்றவள் இழுப்பறையில் வைத்திருப்போம். விதிக்கு விரோதம். தெரியும். தெரிந்தேதான் செய்தோம்.
“மேலேருந்து ஃபோன் வந்துச்சுடி. நான் என்ன பண்ண?”
“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”
“சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?”
அப்போதும் அவள் தலை நிமிரவில்லை. என்னை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்!

மார்ச் 17, திங்கள்
கமாவுக்குப் பதவி உயர்வு. இனிப்பு கொடுத்தாள். எறும்புக்கு விட்டுவிட்டேன்.

மார்ச் 19, புதன்
வரிசை மாறியதைப் பற்றி அவை உறுப்பினர் ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும், நானும் கமாவும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.
“அச்சுப் பிழைன்னு ரெண்டு பேரும் ஒண்ணுபோல எழுதிடுவோம். வெத்துச் சீட்டுக் கதைய எடுத்தா உன் வேலையும்தான் போகும். நெருப்ப வச்சா உன் கூரையும் சேர்ந்துதாண்டி எரியும்.”
நெருப்பைப் பற்றி எனக்குச் சொல்கிறாள். என் வீட்டில் யார் எரிந்தார்கள் என்று தெரிந்தவள்.

மார்ச் 20, வியாழன்
தங்கையிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.
“உன் கையெழுத்துதானாமேக்கா?”
“கையெழுத்து என்னுதுதான். ஆனா மாத்தினது நானில்ல.”
“அதெப்படி?”
எப்படிச் சொல்ல? கமா என்னிடம் கேட்காமல் செய்தாள். சரி. கேட்காமலே செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது யார்? தங்கை தட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

மார்ச் 21, வெள்ளி, காலை
எழுதிவிட்டேன். இரண்டே பக்கம். எத்தனை வருடமாக, எத்தனை சீட்டு, எதற்கு, எல்லாம். கமா கையெழுத்திட்ட ஐந்து வெற்றுச் சீட்டையும் இணைத்திருக்கிறேன். பழிவாங்குகிறேனா? கொஞ்சம் உண்டு. முதல் வரியில் என் தவறைத்தான் வைத்தேன். வேலை போகும். தங்கையிடம் சொல்லவில்லை, இதனால் அந்த அறிக்கை திரும்பி வரப்போவதில்லை. கமா கேட்டதற்கு, “எழுதிட்டேன்” என்று மட்டும் சொன்னேன். பத்து மணிக்குச் செயலர் வந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.