வெளிர் மையில் எழுதிய கல்யாண உறை

மட்சுவே,
ஜூன் 9

அன்பு மகள் சிஹோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. கடையில் காகிதமெல்லாம் நமத்துக் கிடக்கிறது. வியாபாரத்துக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புதிதாக வந்த இளநிற மார்க்கர்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளை நொபுகி மிசோ சூப் நன்றாக வைப்பார் என்று கேள்வி. வைக்கட்டும், அந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிடாதே.

கல்யாணம் முடிந்து ஏழு வாரமாகிறது. நீ அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் கோபம் நியாயம்தான். வரவேற்பு மேசையில் மாப்பிள்ளையின் அத்தை நம் மொய் உறையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குப்புற வைத்ததை நானும் பார்த்தேன். வாழ்த்து உறையில் பெயரை அடர்கறுப்பில் எழுத வேண்டும், துக்க வீட்டு உறைக்குத்தான் கண்ணீரில் கரைந்த மாதிரி வெளிர் சாம்பல் மை என்று முப்பத்தொரு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி விற்றவர் உன் அப்பா. அவரே மகளுக்கு வெளிர் மையில் எழுதினால், அது கைத்தவறு என்று யார் நம்புவார்கள்? அதுவும், ஏற்கெனவே ஒரு கல்யாணம் செய்து பிரிந்தவர் நமக்கு மாப்பிள்ளையாக எதற்கு என்று கடைசிவரை முறுக்கிக்கொண்டு நின்றவர்.

நானும் நம்பவில்லை. ஊர் திரும்பியதும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கறுப்பில்தான் எழுதினேன் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அது என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

போன செவ்வாய்க்கிழமை ஓர் ஆசிரியை விடைத்தாள் திருத்தச் சிவப்புப் பேனா கேட்டாள். அப்பா கொடுத்ததை எழுதிப் பார்த்துவிட்டு, இது ஆரஞ்சு அல்லவா என்று சிரித்தாள். முந்தின நாள் பேனாத் தட்டுகளை இடம் மாற்றி வைத்தவள் நான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மனிதர் நிறத்தைப் பார்த்து எடுப்பதில்லை, இடத்தை வைத்து எடுக்கிறார்.

அவள் போனதும், அன்று அவர் உறையில் எழுதிய அதே தூரிகைப் பேனாவை எடுத்தேன். அதில் ஒரு முனை கறுப்பு, மறுமுனை சாம்பல். வாடிக்கையாளர்கள் கிறுக்கிப் பார்க்கும் தாளில் உன் பெயரை இரண்டு முனையாலும் எழுதி, எது கறுப்பு என்று கேட்டேன். தாளை மூக்குவரை கொண்டுபோனார்.

"ரெண்டும் ஒண்ணுதானே. என்னடி வெளையாடுற?"

பேனாவை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கே புரிந்துவிட்டது. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, எம்பொண்ணு கல்யாணத்துக்கு சாவு வீட்டு மையிலயா எழுதினேன்?"

அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது என்றார் டாக்டர். ஒரு வருஷமாகக் கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். நானே பேசி நாள் வாங்கிவிட்டேன். வலது கண்ணுக்கு இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை. இந்த விஷயத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

உனக்குச் சொல்லலாம் என்றேன். இப்போது சொன்னால் சாக்கு என்று நினைப்பாள், வேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஆகவே இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. எழுதுவதைப் படிக்க முடியாதே, அதனால் அவர் எதிரிலேயே உட்கார்ந்து தைரியமாக எழுதுகிறேன். யாருக்கு என்று கேட்டார். மார்க்கர் கம்பெனிக்குப் புகார் என்றேன்.

மாப்பிள்ளையைப் பற்றி அவர் மனம் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாறவில்லை, அதை நீங்கள் இருவரும் வாழ்ந்துதான் மாற்ற வேண்டும், மாற்றுவீர்கள். ஆனால் உன் கல்யாண நாளில் உனக்குக் கெடுதல் நினைக்கிற ஆள் அவர் இல்லை. நீங்கள் நீண்ட ஆயுளோடு, சண்டை போட்டாலும் சேர்ந்தே சாப்பிட்டுக்கொண்டு, நன்றாக இருக்க வேண்டும்.

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குக் கண் கட்டை அவிழ்ப்பார்கள். முதலில் தெரிவது எதிரில் நிற்பவர் முகம்தானாம். என் முகத்தை அவர் முப்பத்து மூன்று வருஷம் பார்த்தாயிற்று. நான் ஓரமாக நின்றுகொள்கிறேன்.

உன் அம்மா,
யசுயோ