சோதித்தவர்

அன்புள்ள அண்ணா,

நீ பாதியில் விட்ட சோதனையை முடித்துவிட்டேன். இணையத்தில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் லினக்ஸ் இயங்குதள நிரலைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், பழையதைவிட வேகமா என்று பத்து முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தாய்.

முதல் நாள் புதியதுதான் மெதுவாக ஓடியது. கணினியைத் தொட்டால் சுட்டது. சூடேறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று நீதானே சொன்னாய்? அதற்கு வைத்திருந்த டேபிள் ஃபேன், குறுவை அறுப்பை விட்டுவிட்டு வந்தவர்களுக்காகக் கூடத்தில், உன் படத்துக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்தது. தப்பான எண் உன் பெயரில் போகக் கூடாதே என்று போய் ஃபேனைக் கேட்டேன்.

"எழவு வீட்டுல கம்ப்யூட்டருக்குக் காத்து கேக்குதாடி?" என்று மாலதி அத்தை திட்டினாள்.

மூன்று நாளாகப் பேசாத அம்மா எழுந்து ஃபேனைத் தூக்கி வந்தாள்.

"அவன் தொட்ட வேலை. முடிச்சுடுடி."

பத்து முறையும் புதியதே வேகம். நோட்டில் இருந்த முகவரிக்கு உன் பெயரிலேயே அனுப்பினேன். நிரலோடு, 'சோதித்தவர்' என்று உன் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த மாற்றத்தையும் நீயே சோதிக்க வேண்டுமாம். எப்போது முடியும் என்று உன்னைக் கேட்டிருக்கிறார்கள். மூன்று முறை பதில் எழுதி அழித்தேன்.

ஃபேனை இன்னும் நிறுத்தவில்லை.

உன் தங்கை