விற்றுப்போன நாற்காலியை அளந்துகொள்ள அனுமதி வேண்டி

அனுப்புநர்:
போட்டோக்காரர் (ஓய்வு),
மருந்துக்கடைக்கு மேல் மாடி.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
நகரக் காவல் நிலையம்.

பொருள்: ஆன்லைனில் தவறுதலாக விற்கப்பட்ட நாற்காலி – திருப்பிக் கேட்கவில்லை – உயரத்தை அளக்க மட்டும் அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேற்று தங்கள் ஏட்டையா என்னை அழைத்து, ஒரு பெண்மணியின் வீட்டு கேட் முன்னால் நான் அடிக்கடி நிற்பதாகப் புகார் வந்துள்ளது என்றும், இனி அந்தத் தெருப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் எச்சரித்தார். நின்றது உண்மை. அந்த அம்மாள் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. ஏன் நின்றேன் என்று மட்டும் ஏட்டையா கேட்கவில்லை. அதைச் சொல்லவே இம்மனு.

2. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வாக்கர் பிடித்து நடப்பாள். தாழ்வாக உட்கார்ந்தால் மட்டும் தானாக எழ முடியாது. அதனால் கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்றின் கால்களில் நானே கட்டைகளைப் பொருத்தி, கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இழைத்து, அவளைத் திரும்பத் திரும்ப உட்கார வைத்துப் பார்த்தேன். ஒருநாள் யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள். அதோடு நிறுத்திக்கொண்டேன். அளந்து வைக்கத் தோன்றவில்லை.

3. வீடு முழுக்கச் சாமான். வாக்கர் திரும்ப இடமில்லை. அம்மா நடக்க வழி வேண்டும் என்று என் மகள் வேண்டாதவற்றைப் படம் எடுத்து ஆன்லைனில் விற்க ஆரம்பித்தாள். தையல் மெஷின், டிவி ஸ்டாண்டு எல்லாம் மளமளவென்று போயின. சாப்பாட்டு மேசையை மட்டும் ஒருவரும் சீந்தவில்லை. படத்தைப் பார்த்தேன், மேசை அநாதையாக நின்றது. ஆயுள் முழுக்க ஸ்டுடியோ வைத்திருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? மேசையை ஜன்னலோரம் இழுத்து, மேலே பூச்சாடி வைத்தேன். அப்படியும் ஒரு பக்கம் காலியாகத் தெரிந்ததால் மனைவியின் நாற்காலியைத் துடைத்துப் பக்கத்தில் போட்டுப் படம் எடுத்தேன். அன்று மாலையே ஆள் கிடைத்துவிட்டது. பார்த்தாயா, போட்டோக்காரன் கை என்று மகளிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

4. அந்த அம்மாள் வண்டியோடு வந்தபோது நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். சாவி எதிர்வீட்டு அக்காவிடம். 'படத்துல இருக்கறதெல்லாம் சேர்த்துத்தானே?' என்று வந்தவர் போனை நீட்ட, அக்காவும் படத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றி அனுப்பிவிட்டார். பூச்சாடியைக்கூட விடவில்லை. இதில் யார் மீதும் எனக்குக் குறையில்லை.

5. போனில் பேசினேன். பதற்றத்தில் குரல் உயர்ந்துவிட்டது, அந்த அம்மாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அதனால் விலாசம் விசாரித்து நேரில் போனேன். வராந்தாவில் அதே நாற்காலி. அதிலிருந்த பெரியவர் கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி, யாரையும் கூப்பிடாமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அந்த அம்மாளின் அப்பாவாம். படத்தில் மேசையைவிட நாற்காலியின் உயரம்தான் அந்த அம்மாள் கண்ணில் பட்டதாம். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

6. தச்சரிடம் புது நாற்காலி சொல்லியிருக்கிறேன். உயரம் கேட்கிறார். என்னிடம் இருக்கும் படத்தில் நாற்காலி அழகாக இருக்கிறது, அளவு இல்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட மேசையும் இல்லை. வேறு நாற்காலியில் கட்டை வைத்துப் பார்த்தோம். ஒன்றில் அவள் கால் தரையில் பாவவில்லை, இன்னொன்றில் எழ முடியவில்லை. இப்போதெல்லாம் இரண்டாம் தடவைக்கே வலியில் முகம் சுருங்குகிறது. இன்னொரு முறை உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

7. மகள் வேலைக்குப் போன பிறகு மனைவியைத் தூக்கிவிட நான் ஒருவன்தான். எனக்கும் இடுப்புப் பிடிப்பு. என்னைச் சிரமப்படுத்தக் கூடாதென்று அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். கேட்டால் தாகமில்லை என்கிறாள். வீட்டில் இப்போது வாக்கர் தாராளமாகத் திரும்பும். ஆனால் அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை ஐயா.

ஆகவே, நாற்காலி அந்தப் பெரியவரிடமே இருக்கட்டும். ஒரு காவலரை உடன் அனுப்பி, தரையிலிருந்து இருக்கை வரை ஒருமுறை டேப் வைத்துப் பார்க்க அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் உள்ளே வருவது பிடிக்காவிட்டால் அந்த அம்மாளே அளந்து சொன்னாலும் போதும்.

அவரிடம் இன்னொன்றும் தெரிவிக்க வேண்டும். முன்பக்கம் இடதுகாலில் உள்ள கட்டை தளர்ந்திருக்கிறது. பெரியவர் எழுந்தபோது நாற்காலி ஆடியதைப் பார்த்தேன். இன்றே ஓர் ஆணி அடித்து இறுக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த நாட்களில், யாரும் கதவைத் திறக்காதபோதும், நான் கேட் முன்னால் போய் நின்றது இதைச் சொல்லத்தான்.

இடம்: தங்கள் நிலையத்து வாசல் பெஞ்சு
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
போட்டோக்காரர்