இரண்டு பள்ளிக்கூடத்து முனியம்மாள்

சென்னை
9-10-87

அன்புள்ள வஹிதா,

நீ சௌக்கியமாக இருப்பாய். நான்தான் அப்படி இல்லை. புதிய கல்வித் திட்டம் பற்றி நாங்கள் எடுத்த செய்திப்படத்தைப் போன வாரம் தர்மபுரியில் ஆசிரியர்களுக்குப் போட்டோம். உன் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்ன அதே முனியம்மாள், அடுத்த காட்சியில் டவுன் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடுகிறாள்! டவுனை எடுத்தது வேறு குழு. எனக்கு எங்கே தெரியும்? கொட்டகையே சிரித்தது. "அந்தப் புள்ள எந்தப் பள்ளிக்கூடமுங்க?" என்று ஒருவர் கேட்டார்.

ஆசிரியப் பயிற்சியில் ஒரே தட்டில் சாப்பிட்டோமே. என்னையுமா ஏமாற்றுவாய்?

தெரசா

மாரண்டஹள்ளி
15-10-87

அன்புத் தோழி தெரசாவுக்கு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். டவுனிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளை இரவல் வாங்கியது நான்தான். ஆபீசர் வந்தால் இங்கே எல்லாரும் செய்வதுதான். நீ கேமராவோடு வந்தாய், பழக்கதோஷத்தில் உனக்கும் அதையே செய்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

புதனும் சனியும் தக்காளி பறிப்பு. என் பிள்ளைகள் தோட்டத்தில் இருப்பார்கள். மிஞ்சுவது ஒன்பது பேர், ஐந்து வகுப்பு, நான் ஒருத்தி. உன் படமோ 'ஒரே ஆசிரியர் சாதிக்கிறார்' என்கிறதாம். அப்புறம் இரண்டாவது வாத்தியாரை யார் போடுவார்கள், சொல்?

என் பகுதியை வெட்டிவிடாதே. ஒரு புதன்கிழமை திரும்பி வா. இருக்கிற பிள்ளைகளை எடு. நடந்ததை நானே கேமரா முன்னால் சொல்கிறேன்.

உன் வஹிதா

சென்னை
21-10-87

வஹிதா,

கோபம் போய்விட்டது, இப்போது பயம்தான். இதைச் சொன்னால் உன் வேலைக்கே ஆபத்து. நன்றாக யோசி. மனசு மாறாவிட்டால், அடுத்த புதன் வருகிறேன்.

தெரசா

மாரண்டஹள்ளி
18-12-87

அன்புள்ள தெரசா,

திருத்திய படத்தைப் போன வாரம் தர்மபுரியில் போட்டார்கள். நீ வந்திருக்கலாம். திரையில் நான் பேசி முடிக்கும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு இண்டூர்ப் பக்கத்து வாத்தியார் நஞ்சப்பன் எழுந்து, "எங்கூர்லயும் இதே கததானுங்க" என்றார்.

நீ பயந்தபடியே விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. நான் பதில் எழுத உட்காருவதற்குள் நஞ்சப்பன் ஒரு மனுவோடு பஸ் ஏறி வந்துவிட்டார். நாங்களும் பிள்ளைகளை இரவல் வாங்கியவர்கள்தான், எங்களுக்கும் மெமோ கொடுங்கள், கூடவே இரண்டாவது ஆசிரியரும் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறது. கீழே நாற்பத்தொரு ஆசிரியர்களின் கையெழுத்து.

நாற்பத்திரண்டாவதாக நான் போட்டேன்.

உன் வஹிதா